இரும்பு விண்கற்கள்: சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரும்பு விண்கல் வாங்கிச் சேர்க்க நினைப்பவர்களுக்கும், கையில் இருக்கும் துண்டு அசல்தானா என்று குழம்புபவர்களுக்கும் இந்தப் பக்கம். கல் விண்கற்கள், நிலவுக் கற்கள், செவ்வாய்க் கற்கள் எல்லாம் தனிக் கதை. இங்கே இரும்பு மட்டும்.

இரும்பு விண்கல் என்றால் முழுக்க இரும்பா?

கிட்டத்தட்ட. இரும்பும் நிக்கலும் சேர்ந்த உலோகக் கலவை அது. நிக்கல் பெரும்பாலும் 5 முதல் 12 சதவீதம்; சிலவற்றில் 20, 30 சதவீதத்தையும் தாண்டும். கூடவே கொஞ்சம் கோபால்ட், மிகச் சொற்பமாக காலியம், ஜெர்மானியம், இரிடியம். உள்ளே ஆங்காங்கே ட்ரோய்லைட் என்ற இரும்பு சல்பைடு உருண்டைகளும், ஷ்ரைபெர்சைட் என்ற பாஸ்பைடும், கிராஃபைட்டும் தட்டுப்படும். நிக்கலை மட்டும் மறந்துவிடாதீர்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

இவை அரிதானவையா?

விழுவதைப் பார்த்துவிட்டுப் போய் எடுத்த விண்கற்களில் இரும்பு நூற்றுக்கு நாலைந்துதான். ஆனால் அருங்காட்சியகத்துக்குப் போனால் பெரிய பெரிய கட்டிகளாக நிற்பவை இரும்புதான். காற்று மண்டலத்தில் நுழையும்போது கல்லைவிட உறுதியாகத் தாங்கும். தரையில் விழுந்தபின் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். கையில் எடுத்தால் இந்த அளவுக்கு இவ்வளவு கனமா என்று யாரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். நமீபியாவில் உள்ள ஹோபா, உலகிலேயே மிகப் பெரிய ஒற்றை விண்கல், சுமார் 60 டன். 1920-ல் ஒரு விவசாயி நிலத்தை உழும்போது ஏர் முட்டித்தான் அது வெளியே தெரிந்தது. அந்தக் கட்டியை இன்றுவரை யாரும் இடம் நகர்த்தவில்லை.

எங்கிருந்து வருகின்றன?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையிலிருந்து. எப்படி உருவாயின என்று பார்க்க, சுமார் 456 கோடி ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

சூரியக் குடும்பம் உருவான புதிதில் சில பத்து, சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள பாறைக் கோளங்கள் ஏராளமாகத் திரண்டன. அவற்றுக்குள் அலுமினியம்-26 என்ற கதிரியக்கத் தனிமம் கலந்திருந்தது. அதன் அரை ஆயுள் சுமார் 7 லட்சம் ஆண்டுகள்தான். அதாவது வெப்பத்தை அவசர அவசரமாகக் கொட்டித் தீர்த்துவிடும். சீக்கிரம் திரண்ட கோளங்கள் அந்தச் சூட்டில் உள்ளே உருகின. உருகிய இரும்பும் நிக்கலும் கனம் காரணமாக நடுவே இறங்கி மையக்கரு ஆயின. லேசான பாறை மேலே நின்றது. ஹாஃப்னியம், டங்ஸ்டன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகைகளை) அளந்து பார்த்ததில், இந்தப் பிரிவினை சூரியக் குடும்பத்தின் முதல் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே நடந்து முடிந்தது என்று தெரிய வந்தது. பூமி முழுசாக உருவாகும் முன்பே இந்த இரும்பு உருகி இறங்கிவிட்டது.

அப்புறம் மோதல்கள். கோளங்கள் ஒன்றோடொன்று மோதி உடைந்து, உள்ளே இருந்த உலோகம் வெளியே வந்தது. அந்தத் துண்டுகள் மறுபடி மறுபடி உடைந்து, கடைசியில் ஒன்றிரண்டு பூமியின் பாதையைக் குறுக்கிடுகின்றன. ஒரு துண்டு விண்வெளியில் எத்தனை காலம் தனியாக அலைந்தது என்பதை, அண்டக் கதிர்கள் அதில் உண்டாக்கிய ஐசோடோப்புகளை வைத்துச் சொல்லலாம். இரும்புகளுக்கு அது பல கோடி ஆண்டுகள், சிலவற்றுக்கு நூறு கோடியைத் தொடும் அளவு. கல் விண்கற்கள் அவ்வளவு காலம் தாங்குவதில்லை.

வேதியியலை வைத்துப் பார்த்தால், நம்மிடம் உள்ள இரும்புகள் குறைந்தது 50 வெவ்வேறு தாய்க் கோளங்களிலிருந்து வந்தவை என்பது பொதுவான கணிப்பு. அந்தக் கோளங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை.

அப்படியானால் என் கையில் இருப்பது ஒரு சிறுகோளின் மையக்கருவா?

விற்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பாதி உண்மை.

இரும்புகளை காலியம், ஜெர்மானியம், இரிடியம், நிக்கல் அளவுகளை வைத்துக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ரோமன் எண்ணும் எழுத்தும் சேர்த்து எழுதுவது வழக்கம். நாம் இங்கே 1-ஏபி, 2-ஏபி, 3-ஏபி, 4-ஏ, 4-பி என்று வைத்துக்கொள்வோம். இவற்றில் 2-ஏபி, 3-ஏபி, 4-ஏ, 4-பி ஆகியவற்றின் வேதியியல், உருகிய ஒரு பெரிய உலோகத் திரள் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டதைக் காட்டுகிறது. இவை மையக்கருத் துண்டுகள் என்று தாராளமாகச் சொல்லலாம்.

1-ஏபி அப்படி இல்லை. இதில் சிலிகேட் பாறைத் துணுக்குகள் உலோகத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். முழுக்க உருகியிருந்தால் லேசான பாறை மேலே மிதந்து போயிருக்க வேண்டுமே. ஆகவே மோதலின் சூட்டில் அரைகுறையாக உருகி, ஆங்காங்கே தேங்கிய உலோகக் குட்டைகளாக இவை இருந்திருக்கலாம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. வேடிக்கை என்னவென்றால், புதிதாகச் சேர்ப்பவர்கள் முதலில் வாங்கும் அர்ஜென்டினாவின் காம்போ டெல் சியெலோவும், அமெரிக்காவின் புகழ்பெற்ற கேன்யன் டயாப்லோவும் இந்த 1-ஏபி குழுதான். ‘சிறுகோளின் இதயம்’ என்று விளம்பரம் பண்ணி விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி அந்த இதயத்திலிருந்து வந்ததே அல்ல. அதனால் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. என் பார்வையில் இந்தக் குழப்பமான பிறப்புதான் அவற்றைச் சுவாரசியமாக்குகிறது.

வெட்டிய துண்டில் தெரியும் அந்தக் குறுக்குக் கோடுகள் என்ன?

விட்மன்ஸ்டாட்டன் கோலம். 1808-ல் வியன்னாவில் அலோய்ஸ் வான் விட்மன்ஸ்டாட்டன் என்பவர், 1751-ல் இன்றைய குரோவேஷியாவில் விழுந்த ஹ்ராஷ்சினா இரும்பின் துண்டைச் சூடாக்கியபோது கண்டார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே நேபிள்ஸில் வில்லியம் தாம்சன் என்ற ஆங்கிலேயர், துருவைப் போக்க நைட்ரிக் அமிலம் தடவியபோது இதையே பார்த்து, 1804-ல் எழுதியும் வைத்தார். பெயர் மட்டும் மற்றவருக்குப் போய்விட்டது.

இது உருவாகும் விதம் இப்படி. சூடான நிலையில் இரும்பும் நிக்கலும் டேனைட் என்ற ஒரே படிகமாக இருக்கும். ஆறும்போது, நிக்கல் குறைந்த கமசைட் என்ற இன்னொரு படிகம் அதற்குள் தட்டுத் தட்டாக முளைக்கும். கமசைட்டில் நிக்கலுக்கு இடம் குறைவு. ஆகவே நிக்கல் அணுக்கள் பக்கத்தில் உள்ள டேனைட்டுக்குள் நகர வேண்டும். திட உலோகத்துக்குள் அணு நகர்வது மகா மெதுவான வேலை. 3-ஏபி குழு இரும்புகள் ஆறிய வேகத்தைக் கணக்கிட்டால், பத்து லட்சம் ஆண்டுகளுக்கு 50 முதல் 350 டிகிரி வருகிறது. எந்தத் தொழிற்சாலையிலும், எந்த உலையிலும் இந்தப் பொறுமை கிடையாது. அதனால்தான் இந்தக் கோலத்தை இந்த அளவில் மனிதரால் செய்ய முடியவில்லை.

4-ஏ குழுவில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரே கோளத்தின் மையக்கரு, மேலே பாறை மூடியபடி ஆறியிருந்தால், எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஆறியிருக்க வேண்டும். ஆனால் 4-ஏ இரும்புகளில் பத்து லட்சம் ஆண்டுக்கு 100 டிகிரி முதல் 6,000-க்கும் மேல் வரை விதவிதமான வேகங்கள். மோதலில் பாறைப் போர்வை முழுக்கப் பிய்ந்துபோய், மொட்டை உலோகக் கோளமாக நின்று ஆறியது என்றால்தான் இது பொருந்துகிறது: வெளிப்புறம் சட்டென்று, உட்புறம் மெல்ல. நமீபியாவின் கிபியோன், சுவீடனின் முவோனியோனலூஸ்டா என்ற பெயர்களில் கிடைக்கும் துண்டுகள் இந்தக் குழுதான்.

என் துண்டில் கோடே இல்லை. போலியா?

அவசியம் இல்லை. நிக்கல் 6 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் ஹெக்ஸாஹெட்ரைட் வகையில் இந்தக் கோலம் வராது. மோதல் அதிர்ச்சியால் வந்த நியூமன் கோடுகள் என்ற மெல்லிய கீறல்கள்தான் தெரியும். நிக்கல் மிக அதிகமான அட்டாக்ஸைட் வகையிலும் கண்ணுக்குத் தெரியாது. ஹோபாவில் சுமார் 16 சதவீதம் நிக்கல், கோடு கிடையாது. ரஷ்யாவில் விழுந்த சிகோடே-அலின் இன்னொரு மாதிரி: அதன் கமசைட் பட்டைகள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அகலம். சின்னத் துண்டை வெட்டினால் ஒரே பட்டைக்குள்ளேயே மாட்டிக்கொள்வீர்கள்.

காந்தத்தில் ஒட்டுகிறது. விண்கல்தானே?

காந்தத்தில் சுத்தியலும்தான் ஒட்டும். ஒட்டவில்லை என்றால் இரும்பு விண்கல் இல்லை. அவ்வளவுதான் அது சொல்லும்.

அப்படியானால் வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

முதலில் பார்வை. புதிதாக விழுந்த இரும்பின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கருப்புத் தோல் இருக்கும். மேற்பரப்பில் பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தியதுபோல் ஆழமில்லாத குழிகள் இருக்கலாம். காற்றில் பாய்ந்து வரும்போது உருகி அரிக்கப்பட்ட இடங்கள் அவை. ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னக் காற்றுக் குமிழித் துளைகள் தெரிந்தால், பெரும்பாலும் அது உலைக் கசடு. தூக்கிப் போட்டுவிடலாம்.

அடுத்து அடர்த்தி. துண்டை நூலில் கட்டி எடை பாருங்கள். பிறகு தராசிலேயே தொங்கவிட்டபடி தண்ணீருக்குள் முழுக்க இறக்கி, அடியில் தொடாமல் எடை பாருங்கள். முதல் எடையை இரண்டு எடைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். இரும்பு விண்கல்லுக்கு 7.5 முதல் 8-க்குள் வரும். துரு ஏறியிருந்தால் கொஞ்சம் குறையும். 5-ஐ ஒட்டி வந்தால் அது மேக்னடைட் அல்லது ஹெமடைட் தாது. விண்கல் என்று நம்பிக் கொண்டுவரப்படுபவற்றில் இந்த இரண்டுதான் அதிகம். பீங்கான் ஓட்டின் வழவழப்பில்லாத அடிப்பக்கத்தில் தேய்த்தால் ஹெமடைட் செம்பழுப்பாகவும், மேக்னடைட் கருப்பாகவும் கோடு இழுக்கும்.

பிறகு அரம். ஒரு மூலையில் சுண்டுவிரல் நகத்தளவு தேயுங்கள். உள்ளே முழுக்க வெள்ளியாய் மின்னும் உலோகம் தெரிய வேண்டும். சாம்பல் நிறப் பாறை தெரிந்தால் கதை முடிந்தது.

இத்தனையும் தாண்டினாலும் பழைய வார்ப்பிரும்பு, எந்திரத் துண்டு, வெடித்த குண்டின் சிதறல் என்று எதுவாகவும் இருக்கலாம். இங்கேதான் நிக்கல் வருகிறது. எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் உலோகத்தை அளக்கும் கைக்கருவிகள் பழைய உலோகக் கடைகளில்கூட இருக்கின்றன. நிக்கல் 5 சதவீதத்துக்கு மேலேயும் கூடவே கொஞ்சம் கோபால்ட்டும் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். நிக்கலே இல்லாமல் மாங்கனீசோ குரோமியமோ காட்டினால் அது மனிதர் செய்த இரும்பு. நிக்கல் இருக்கிறது, குரோமியமும் அதே அளவுக்கு இருக்கிறது என்றால் துருப்பிடிக்காத எஃகு.

முதன்முதலாக எதை வாங்கலாம்?

என்னைக் கேட்டால் சிகோடே-அலின். 1947 பிப்ரவரி 12 அன்று ரஷ்யாவின் தூரக் கிழக்கில், பட்டப்பகலில், மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. ஜன்னலோரம் படம் வரைய உட்கார்ந்திருந்த மெத்வெதேவ் என்ற ஓவியர் அந்த நெருப்புக் கோளத்தை உடனே வரைந்துவிட்டார். 1957-ல் சோவியத் ஒன்றியம் அதைத் தபால்தலையாகவும் வெளியிட்டது. இதில் இரண்டு வகைத் துண்டுகள் உண்டு. காற்றிலேயே தனியாகப் பிரிந்து, கட்டைவிரல் குழிகளோடு விழுந்தவை ஒன்று. தரையில் மோதும்போது வெடித்துச் சிதறிய, கூர் முனைகளும் கிழிந்த விளிம்புகளும் கொண்ட சில்லுகள் மற்றொன்று. முதல் வகைக்கு விலை அதிகம். அதன் உருவத்தைப் போலியாகச் செய்வதும் கடினம்.

காம்போ டெல் சியெலோ எளிதில் கிடைக்கும். அர்ஜென்டினாவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்தது. 1576-லேயே ஸ்பானியர்கள் தேடிப் போனார்கள். அங்கே 2016-ல் கிடைத்த கன்செடோ என்ற கட்டி மட்டும் 30 டன்னைத் தாண்டுகிறது. ஆனால் துரு விஷயத்தில் காம்போ துண்டுகளை நம்ப முடியாது. ஒன்று பத்து வருஷம் பளபளவென்று இருக்கும், இன்னொன்று ஒரே மழைக்காலத்தில் உதிர ஆரம்பிக்கும். சீனாவின் நான்டான் இன்னும் மோசம். சும்மா கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்குவேன்.

கோலம் பார்க்க ஆசை என்றால் சுவீடனின் முவோனியோனலூஸ்டா. நூலிழை போன்ற நேர்த்தியான கோடுகள். பூமியில் பத்து லட்சம் ஆண்டு அளவுக்குக் கிடந்தது என்பதால் துரு அதற்கும் உண்டு.

கேன்யன் டயாப்லோ கொஞ்சம் விலை கூடியது. அதற்குக் காரணம் இருக்கிறது. அரிசோனாவில் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்து, 1.2 கிலோமீட்டர் அகலப் பள்ளத்தை உண்டாக்கிய இரும்பு இது. மோதலின் அழுத்தத்தில் சில துண்டுகளுக்குள் நுண்ணிய வைரங்கள்கூட உண்டாயின. அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் 1956-ல் பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டபோது, அவர் பயன்படுத்திய ஈய அளவீடுகளில் முக்கியமானது இந்த விண்கல்லின் ட்ரோய்லைட்டிலிருந்து எடுத்தது.

விலை எதை வைத்து அமைகிறது?

எவ்வளவு மொத்தமாகக் கிடைத்தது, உருவம் எப்படி, துருப்பிடிக்குமா, விழுவதை யாராவது பார்த்தார்களா, முன்பு எந்த அருங்காட்சியகத்திலாவது இருந்ததா. ‘வேற்றுக்கிரக உலோகம்’ என்ற பேச்சுக்குத் தனி விலை கொடுக்காதீர்கள்.

சான்றிதழ் கொடுக்கிறார்களே, அது போதுமா?

சான்றிதழ் என்பது விற்பவர் அச்சடித்த காகிதம். அதில் உள்ள பெயர்தான் முக்கியம். அங்கீகரிக்கப்பட்ட எந்த விண்கல்லுக்கும் ஒரு பெயர் உண்டு, பெரும்பாலும் கிடைத்த இடத்தின் பெயர். சர்வதேச விண்கல் சங்கமான மெட்டியோரிட்டிகல் சொசைட்டி அந்தப் பெயர்களை வைத்து ஒரு தரவுத்தளம் நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரைத் தேடி, குழு, நிக்கல் அளவு, பட்டை அகலம் மூன்றையும் கையில் உள்ள துண்டோடு ஒப்பிடுங்கள். ‘காம்போ’ என்று எழுதிவிட்டு இழை இழையாகக் கோடு இருக்கும் துண்டைக் கொடுத்தால் ஏதோ தப்பு. காம்போவின் பட்டைகள் தடிமன், மூன்று மில்லிமீட்டர் வாக்கில் இருக்க வேண்டும்.

கோலத்தையே போலியாகச் செய்வார்களா?

செய்கிறார்கள். எஃகுத் தகட்டில் லேசராலோ, மறைப்பு ஒட்டி அமிலம் தடவியோ கோடு போடுவார்கள். துண்டின் விளிம்பைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அசல் கோலம் உலோகத்தின் உள்ளே முப்பரிமாணத்தில் இருப்பது. முகத்தில் ஓடும் பட்டை விளிம்பில் திரும்பிப் பக்கவாட்டிலும் தொடரும். கோணம் மட்டும் மாறும். பக்கவாட்டை மெருகேற்றி அமிலம் தடவியும் அங்கே ஒன்றும் வரவில்லை என்றால் கோலம் முகத்தில் மட்டும் வரைந்தது. பட்டைகள் முழுத் துண்டிலும் இரண்டு முதல் நான்கு திசைகளில்தான் ஓடும், கண்டபடி வளையாது. துண்டைச் சாய்த்தால் ஒரு திசைப் பட்டைகள் மின்னி, இன்னொரு திசைப் பட்டைகள் மங்கும். அச்சிட்ட கோட்டில் இந்த விளையாட்டு வராது.

நானே மெருகேற்றி அமிலம் தடவலாமா?

தடவலாம், அவசரப்படாமல். நீரில் நனைத்த உப்புத்தாளில் சொரசொரப்பிலிருந்து நைஸ் வரை படிப்படியாகத் தேய்த்து, முந்தைய தாளின் கீறல் ஒன்றுகூட இல்லாமல் ஆக்குங்கள். பிறகு ஆல்கஹாலில் 5 சதவீதம் நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டல் கரைசலைப் பஞ்சால் தடவிக்கொண்டே இருந்தால், சில நிமிடங்களில் கமசைட் மங்கி, டேனைட் மெல்லிய வெள்ளிக் கோடுகளாகத் தலைதூக்கும். உடனே சோடா உப்புக் கரைசலில் முக்கி, கழுவி, தூய ஆல்கஹாலில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். அமிலத்தின் அளவைக் கூட்டக் கூடாது. மீதியை மூடிய பாட்டிலில் வைக்கவும் கூடாது, வெடிக்கும். மின்சுற்றுத் தகடுகளுக்குப் பயன்படும் ஃபெரிக் குளோரைடும் வேலை செய்யும். ஆனால் குளோரைடு துருவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். கழுவுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

துருவை எப்படித் தடுப்பது?

ஈரமும் குளோரினும்தான் எதிரிகள். மண்ணில் கிடந்த காலத்தில் நிலத்தடி நீரின் குளோரைடு விரிசல்களுக்குள் புகுந்திருக்கும். காற்றில் ஈரம் ஏறும்போது அது இரும்பைத் தின்னும், தின்றபின் தீராது, மறுபடி தின்னும். துண்டின் மேல் பழுப்பு நீர்த்துளிகள் துளிர்த்தால் அதுதான் அடையாளம்.

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்; ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்துங்கள். வெறும் விரலால் மெருகேற்றிய முகத்தைத் தொடாதீர்கள், வியர்வையில் உப்பு இருக்கிறது. துடைத்தபின் நுண்படிக மெழுகோ, துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயோ மெல்லிசாகப் பூசலாம். ஏற்கெனவே துளிர்த்த துருவின் மேல் வார்னிஷ் அடிப்பது பயன் தராது. உள்ளே தின்பது தொடரும்.

கதிரியக்கம், கிருமி, வேறு ஆபத்து?

கிடையாது. காலில் போட்டுக்கொண்டால் மட்டும் ஆபத்து.

பழங்காலத்தில் இதைப் பயன்படுத்தினார்களா?

இரும்பை உருக்கிப் பிரிக்கக் கற்கும் முன்பே. எகிப்தின் கெர்ஸே கல்லறையில் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுப் பழமையான மணிகள் விண்கல் இரும்பைத் தட்டிச் சுருட்டியவை. துட்டன்காமனின் குத்துவாளை எக்ஸ்-கதிர் முறையில் அளந்தபோது சுமார் 11 சதவீதம் நிக்கல் இருந்தது 2016-ல் வெளியானது. கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் கேப் யார்க் விண்கல்லிலிருந்து சில்லுகளைத் தட்டியெடுத்துக் கத்தியும் ஈட்டி முனையும் செய்து வந்தார்கள். அமெரிக்கரான ராபர்ட் பியரி 1890-களில் அந்தக் கட்டிகளையே கப்பலேற்றிக் கொண்டுபோய்விட்டார். 31 டன் எடையுள்ள பெரிய துண்டு இப்போது நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் தாங்கும் தூண்கள் கட்டடத்தின் அடியில் உள்ள பாறைவரை இறங்குகின்றன. யாருடைய இரும்பு அது என்ற கேள்வியைச் சேகரிப்பவர்கள் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

சட்டச் சிக்கல் உண்டா?

நாட்டுக்கு நாடு மாறும். அர்ஜென்டினாவிலும் நமீபியாவிலும் விண்கற்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். அண்டார்டிகாவில் எடுப்பவை ஆய்வுக்கு மட்டும். ஆகவே கிபியோனோ காம்போவோ வாங்கும்போது, அது எப்போது, எந்த வழியில் நாட்டைவிட்டு வெளியே வந்தது என்று கேளுங்கள். பழைய சேகரிப்பிலிருந்து வந்த துண்டுக்குப் பழைய சீட்டு இருக்கும். பதில் சொல்ல மழுப்புபவரிடம் வாங்காதீர்கள்.

மையக்கருவை நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

முயற்சி நடக்கிறது. உலோகம் நிறைந்த சைக்கி என்ற சிறுகோளை நோக்கி நாசாவின் விண்கலம் 2023 அக்டோபர் 13 அன்று கிளம்பியது. 2029-ல் போய்ச் சேரும். அது மொட்டையான மையக்கருதானா என்பதில் இப்போது சந்தேகம் கூடியிருக்கிறது. பாறையும் நிறைய கலந்திருக்கலாம் என்று அளவீடுகள் காட்டுகின்றன. செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி 2005 ஜனவரியிலேயே ஒரு இரும்பு விண்கல்லைக் கண்டது. வேறொரு கோளில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் விண்கல் அதுதான். அதுவும் காம்போவைப் போல 1-ஏபி குழு.

நான் கண்டெடுத்தது அசல் என்று தோன்றுகிறது. அடுத்து என்ன?

கழுவாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், பலமான காந்தத்தை அதனிடம் கொண்டுபோகாதீர்கள். அதன் பழைய காந்தப் பதிவு அழிந்துவிடும். கிடந்த இடத்தை அளவுகோலோடு படம் எடுத்து, ஆயத்தொலைவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விண்கற்களை வகைப்படுத்தும் ஆய்வகத்துக்கோ பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ எழுதுங்கள். முதலில் படமும் எடையும் அடர்த்தியும் அனுப்பினால் போதும். பெயர் சூட்டி அங்கீகரிக்க, 20 கிராமோ மொத்த எடையில் 20 சதவீதமோ, எது குறைவோ அந்த அளவை ஒரு நிறுவனத்திடம் நிரந்தரமாக ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. மீதி உங்களுக்கா அரசுக்கா என்பதை அது கிடைத்த நாட்டின் சட்டம் முடிவு செய்யும். ஆகவே அறுக்கும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.